கோயில் மண்டபத்தில் பூகம்பத்தைப் பற்றி என்ன பேசுவது?

கேள்வி கேட்டவர் ரங்கூனில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் இளைஞர். பூசை முடிந்தபின் அரை மணி நேரம் பூகம்பத்தைப் பற்றிப் பேசும்படி கோயில் நிர்வாகத்தார் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கேட்க வருபவர்களில் பாட்டிமார் முதல் பள்ளிப் பிள்ளைகள்வரை இருப்பார்கள். "அறிவியலாகப் பேசினால் எழுந்து போய்விடுவார்கள். உண்மையை அப்படியே சொன்னால் பயந்துவிடுவார்கள். கைப்பேசியில் யாராவது தேதி குறித்துச் சொன்னால் அதை மட்டும் நம்புகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது, எதை விட்டுவிடுவது?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நிர்வாகத்தார் உங்களிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தது நல்ல காரியம். பர்மிய மொழியில் விளக்கங்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் நம் வீட்டு முதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லத்தான் ஆள் இல்லை.

எதை விட்டுவிடுவது என்பதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பூமியின் மையம், உருகிய இரும்பு, கண்டங்களெல்லாம் ஒட்டிக்கிடந்த காலம், இவை அனைத்தையும் விட்டுவிடுங்கள். பாடநூல் அங்கிருந்துதான் தொடங்கும். ஆனால் உங்கள் எதிரில் இருப்பவர்களுக்கு அது 6,371 கிலோமீட்டர் ஆழத்துச் சங்கதி. அவர்களுக்கு வேண்டியது தங்கள் காலுக்குக் கீழே பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் நடப்பது மட்டும்தான். அரை மணி நேரத்தில் மூன்று செய்திகள் அவர்கள் மனத்தில் பதிந்தால் போதும். அடுத்தது எப்போது வரும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. எங்கே வரக்கூடும் என்பது நன்றாகவே தெரியும். வந்தால் எந்த வீட்டுக்கு என்ன ஆகும், அதற்கு முன்பு என்ன செய்யலாம் என்பதும் பெருமளவு தெரியும். இந்த மூன்றையும் பிரிக்காமல் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் கேட்பவர் கையறு நிலையில் வீட்டுக்குப் போவார். தேதி சொல்பவரிடம் அவரைக் கொண்டுபோய் விடுவது அந்தக் கையறு நிலைதான். பின்னிரண்டை மட்டும் சொன்னால், "இவ்வளவு தெரிந்தவர்களுக்குத் தேதி தெரியாமலா இருக்கும், மறைக்கிறார்கள்" என்று நினைப்பார்கள்.

தொடக்கம் அவர்களுடைய வாயிலிருந்தே வரட்டும். நாட்டை உலுக்கிய பூகம்பம் வந்தது 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12 மணி 50 நிமிடம். அப்போது எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று நாலைந்து பேரைக் கேளுங்கள். ரங்கூனில் சேதம் குறைவு என்றாலும் எல்லோருக்கும் ஒரு நினைவு இருக்கும்: தலைசுற்றல் என்று நினைத்தவர்கள், தொங்கும் விளக்கு ஆடியதைப் பார்த்தவர்கள், மாண்டலேயில் இருக்கும் உறவினருக்குப் போன் கிடைக்காமல் தவித்தவர்கள். இப்படிச் சொல்லவைப்பதில் அறிவியல் பயனும் உண்டு. மூன்றாவது மாடியில் இருந்தவரும் தரையில் இருந்தவரும் உணர்ந்தது வேறுவேறு என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். பிறகு வருவதற்கு அது பிடிமானமாக இருக்கும்.

அடுத்து ஒரு காணொளியைக் காட்டுங்கள். மாண்டலேக்குத் தெற்கே தாசிப் பக்கம் ஒரு சூரிய மின் நிலையத்தின் கண்காணிப்புக் கேமராவில் அன்று பதிவானது அது. உலகத்தில் இதுவரை இவ்வளவு தெளிவாக நிலப்பிளவு நகர்வது படமானதில்லை. முதலில் இரும்புக் கேட் நடுங்குகிறது. அடுத்த சில நொடிகளில் தரையில் ஒரு விரிசல் ஓட, விரிசலுக்கு அப்பால் உள்ள நிலம் செடிகொடியோடு மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பதிவை ஒவ்வொரு படச்சட்டமாக அளந்து, அந்த இடத்தில் நிலம் 2.5 மீட்டர் நகர்ந்தது, அதற்கு எடுத்துக்கொண்ட நேரம் 1.3 நொடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். படத்தை இரண்டு முறை ஓடவிடுங்கள். முதல் முறை எல்லோரும் கேட்டைத்தான் பார்ப்பார்கள். இரண்டாம் முறை பின்னால் இருக்கும் நிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகுதான் விளக்கம். இந்த நாட்டை வடக்கு தெற்காக வகிர்ந்துகொண்டு ஒரு பிளவு ஓடுகிறது. வடக்கே கச்சின் மலைப்பகுதியிலிருந்து சகாயிங், மாண்டலேப் பக்கமாக வந்து, தலைநகர் நேபிடோவை ஒட்டிச் சென்று, பகோவின் அருகாக அந்தமான் கடலுக்குள் இறங்குகிறது. நீளம் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது. அதன் பெயர் சகாயிங் பிளவு. அதைத் தெளிவாக இனம்கண்டு எழுதியவர் வின் ஸ்வே என்ற பர்மியப் புவியியலாளர். 1970களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டார். இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். இந்த மண்ணைப் பற்றிய அறிவு வெளியூரிலிருந்து மட்டும் வந்ததல்ல என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளவுக்கு மேற்கே உள்ள நிலம், இந்தியாவைச் சுமக்கும் பெரும் பாறைப் பாளமான இந்தியத் தட்டின் வடதிசை ஓட்டத்தால் இழுபட்டு, கிழக்கே உள்ள நிலத்தோடு ஒப்பிடும்போது ஆண்டுக்குச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் வடக்கே போகிறது. ஆழத்தில் பாறை சூடாக இருப்பதால் இந்த நகர்வு ஓசையில்லாமல் நடக்கிறது. மேலே உள்ள பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பாறைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிடி விடாத வரைக்கும் அவை வளைகின்றன. விட்டால், பல தலைமுறைகளாகச் சேர்ந்த நகர்வு சில நொடிகளில் தீர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எதிர்ப்பக்க நிலம் வலப்புறமாகத்தான் போயிருக்கும். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, இருவரையும் அவரவர் இடப்பக்கமாக ஓரடி வைக்கச் சொல்லுங்கள்; எதிரில் இருப்பவர் தன் வலப்புறமாகப் போனதாகவே இருவருக்கும் தெரியும். வேறு படம் வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு போடவையுங்கள். மாண்டலேக்குத் தெற்கே மெய்க்தீலா நகரை ஒட்டிய பிளவுப் பகுதி 1839க்குப் பிறகு பெரிதாக உடைந்ததாகப் பதிவில்லை. அந்த ஆண்டு மார்ச் 23 அன்று வந்த பூகம்பம் ஆவாவையும் அமரபுரத்தையும் சிதைத்தது. மிங்குனில் போதொபயா மன்னர் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாபெரும் செங்கல் பகோடாவின் உடலில் உச்சியிலிருந்து ஓடுகிற வெடிப்புகள் அன்று விழுந்தவைதான். மாண்டலே போனவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்திருப்பார்கள். 1839க்கும் 2025க்கும் இடையே 186 ஆண்டுகள். ஆண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் என்றால் மொத்தம் மூன்றரை மீட்டருக்கு மேல். 2025இல் நிலம் உண்மையில் நகர்ந்த அளவும் இடத்துக்கு இடம் மாறினாலும் இதே தரத்தில்தான் இருந்தது, சில மீட்டர்கள். பெருக்கல் தெரிந்த எந்தக் குழந்தையும் இந்தப் பூகம்பத்தின் காரணத்தைத் தன் கையால் எழுதிப் பார்த்துவிடலாம். நான் பேசிய இடங்களிலெல்லாம், பயந்த முகங்கள் நிமிர்வது இந்தக் கணக்கின்போதுதான். காரணம் தெரிந்த ஆபத்தை மனிதர்கள் வேறு விதமாகச் சுமக்கிறார்கள்.

நாளிதழ்ப் படங்கள் ஒரு தவறான எண்ணத்தை எல்லோர் தலையிலும் ஏற்றிவைத்திருக்கின்றன. வரைபடத்தில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டங்கள். அதைப் பார்ப்பவர்கள் புள்ளியிலிருந்து தூரம் போகப் போக ஆபத்து குறையும் என்று நினைக்கிறார்கள். அந்தப் புள்ளி உடைப்பு தொடங்கிய இடம் மட்டுமே. 2025இல் சகாயிங், மாண்டலே அருகே தொடங்கிய உடைப்பு நானூற்றைம்பது கிலோமீட்டருக்கும் மேல் ஓடியது. தெற்கே ஓடும்போது தான் எழுப்பிய அலைகளில் ஒரு வகையை முந்திக்கொண்டு ஓடியது. அதனால்தான் புள்ளியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நேபிடோவில் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் விழுந்தது. வட்டங்களை மறந்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். சுவரில் பர்மா வரைபடத்தை ஒட்டி, சிவப்பு நூலால் பிளவை வரைந்து, ஒவ்வொருவரையும் தன் சொந்த ஊர் அந்த நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கவிடுங்கள். பகோ வட்டாரத்துத் தமிழ்க் கிராமங்களில் உறவு உள்ளவர்கள் அந்த வரைபடத்தை விட்டு நகரமாட்டார்கள்.

இப்போது தேதி விஷயம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். அழிவு நடந்த இரண்டு வாரத்துக்குள், ஏப்ரல் 21 அன்று நாட்டின் எல்லா நகரங்களிலும் பூகம்பம் வரும், பகலில் உயர்ந்த கட்டடங்களில் இருக்காதீர்கள் என்று ஒரு பர்மிய ஜோதிடர் டிக்டாக்கில் சொன்னார். முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. ரங்கூனிலேயே பலர் அன்று வீட்டை விட்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அந்த நாள் ஒன்றும் நடக்காமல் போனது. மறுநாள் அவர் கைது செய்யப்பட்டார். நம்பியவர்களைக் கேலி செய்யாதீர்கள். மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் செத்த ஒரு நாட்டில், பின்னதிர்வுகள் நிற்காத நாட்களில், ஒருவர் உறுதியான குரலில் ஒரு தேதியைச் சொன்னால் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போவது இயல்பு. அந்த வாரங்களில் உறுதியான குரலில் பேசியவர் அவர் ஒருவர்தான் என்பதே குறை. தெரிந்தவர்கள் ஊருக்குப் புரிகிற மொழியில் வந்து பேசாத இடத்தை அவர் நிரப்பினார்.

நம் மக்களிடையே இதற்கு இன்னொரு முகம் உண்டு. 2025 மார்ச் 29 அன்று அமாவாசை, சூரிய கிரகணம், திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி, மூன்றும் சேர்ந்து வந்தன. பூகம்பம் அதற்கு முதல் நாள். "சனி மாறினான், பூமி ஆடியது" என்று உங்கள் மண்டபத்திலும் யாராவது சொல்வார்கள். கோயிலில் நின்று பேசுகிறீர்கள். யாருடைய நம்பிக்கையையும் தாக்க வேண்டிய அவசியம் இல்லை. கணக்கைக் கேளுங்கள், போதும். சனிப்பெயர்ச்சி இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 1839க்கும் 2025க்கும் இடையே எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்ச்சிகள் வந்து போயின. அமாவாசைகள் இரண்டாயிரத்துக்கும் மேல். மெய்க்தீலாப் பகுதி அத்தனைக்கும் அசையாமல் இருந்தது. பெரியவர்கள் இந்த வாதத்தை மரியாதையோடு ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் இது அவர்களுடைய பஞ்சாங்கத்தை வைத்தே சொல்லப்படுகிறது.

தேதி சொல்லமுடியாது என்பதற்கு நேர் எதிரே இதையும் வையுங்கள். 2011ஆம் ஆண்டிலேயே ஹுருகாவா என்ற ஜப்பானிய ஆய்வாளரும் மௌங் மௌங் என்ற பர்மிய ஆய்வாளரும் சகாயிங் பிளவின் பழைய பூகம்பங்களை வரிசைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிளவில் நெடுங்காலம் உடையாமல் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன என்றார்கள். ஒன்று நாட்டின் நடுப்பகுதியில், சுமார் 260 கிலோமீட்டர் நீளம். அது முழுவதும் உடைந்தால் 7.9 அளவுவரை பூகம்பம் வரலாம். நேபிடோ அதற்குள் இருக்கிறது என்றும் எழுதினார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடைவெளிதான் 7.7 அளவில் உடைந்தது. ஜோதிடர் தேதியைச் சொன்னார், நாடு முழுவதையும் இடமாகச் சொன்னார். ஆய்வாளர்கள் தேதியைச் சொல்லவில்லை. இடத்தையும் அளவையும் சொன்னார்கள். எந்தச் செய்தியை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தின் தூண்களை வலுப்படுத்தியிருக்கலாம் என்று சபையைக் கேளுங்கள்.

அதே கட்டுரையின் இரண்டாவது இடைவெளி தெற்கே, அந்தமான் கடலுக்குள் இருக்கிறது. அது இன்னும் உடையவில்லை. ரங்கூன் மக்களிடம் இதை மறைக்காதீர்கள். பகோப் பகுதி கடைசியாக உடைந்தது 1930 மே 5 அன்று. அதற்குப் பிறகு தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நகர்வு அங்கே சேர்ந்திருக்கிறது. 2025இல் உடைந்த பகுதி தன் தெற்கு முனையில் இருக்கும் பாறைமேல் கூடுதல் அழுத்தத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இது நாளைக்கே வரும் என்பதற்குச் சான்றல்ல. நம் காலத்தில் வராமலும் போகலாம். ஆனால் ரங்கூனில் வீடு கட்டுகிறவர், வாங்குகிறவர், வாடகைக்குப் போகிறவர் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டிய செய்தி.

ஆறுதல் சொல்லவேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் வரும். அதில் மிகவும் கவனமாக இருங்கள். இத்தாலியில் லாக்குயிலா என்ற ஊரில் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. ஒருவர் தேதி சொல்லிப் பீதி கிளப்ப, மார்ச் 31 அன்று நிபுணர்கள் கூடினார்கள். அதையொட்டி ஓர் அரசு அதிகாரி தொலைக்காட்சியில், சிறு அதிர்வுகள் சக்தியை வெளியேற்றுவது நல்லதுதான் என்ற பொருளில் பேசி மக்களைத் தேற்றினார். அந்த ஊரில் பலமான அதிர்வு வந்தால் இரவில் வெளியே போய்த் தூங்குவது பழைய வழக்கம். தேற்றப்பட்ட பலர் அன்று உள்ளேயே இருந்துவிட்டார்கள். ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவில் பூகம்பம் வந்து 309 பேர் இறந்தார்கள். ஆறு நிபுணர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் 2012இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2014இல் மேல்முறையீட்டில் நிபுணர்கள் விடுவிக்கப்பட்டார்கள், அதிகாரியின் தண்டனை குறைக்கப்பட்டது. வழக்கு சரியா தவறா என்று உலகம் முழுவதும் வாதம் நடந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அதில் இருக்கும் பாடம் குறுகியது: வராது என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

சின்ன அதிர்வுகள் வந்தால் பெரியது வராது என்ற பேச்சு இங்கேயும் நிறைய உலவுகிறது. அளவில் ஒன்று கூடினால் வெளிவரும் சக்தி முப்பத்திரண்டு மடங்கு. அப்படியானால் ஏழு அளவுப் பூகம்பம் ஒன்றின் சக்தியைத் தீர்க்க ஐந்து அளவில் ஆயிரம் பூகம்பங்கள் வரவேண்டும். எங்கும் அப்படி வருவதில்லை. பின்னதிர்வுகளைப் பற்றி நம்பிச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: நாள் ஆக ஆக அவை ஒரு ஒழுங்கோடு அரிதாகிக்கொண்டே போகும். ஜப்பானின் ஒமோரி 1894இலேயே இதைக் கண்டு எழுதினார். ஆனால் அரிதாவது என்றால் சிறிதாவது என்று பொருள் இல்லை. சில மாதம் கழித்தும் நல்ல பலத்தோடு ஒன்று வரலாம்.

சீனாவில் முன்கூட்டிச் சொன்னார்களே என்று யாராவது கேட்பார்கள். 1975 பிப்ரவரியில் ஹைச்செங் நகரில் முன்னதிர்வுகள் பெருகியதைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள். பெருமளவு உயிர்கள் தப்பின. அடுத்த ஆண்டு ஜூலையில் டாங்ஷான் நகரில் அப்படி எந்த அறிகுறியும் கிடைக்கவில்லை; இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அளவு, ஆட்டம் என்ற இரண்டையும் பிரித்துக்காட்டுவது அவசியம். கோயிலில் மேளம் அடிப்பவர் அடிக்கிற பலம் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவருக்குக் காது அடைக்கிறது, தெருக்கோடியில் இருப்பவருக்கு லேசாகக் கேட்கிறது. 7.7 என்பது அடியின் பலம். உங்கள் வீடு எவ்வளவு ஆடியது என்பது தூரத்தையும் உங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் மண்ணையும் பொறுத்தது. மேளத்தில் இல்லாத ஒன்று பூகம்பத்தில் இருக்கிறது. தூரம் ஒரே மாதிரி இருந்தாலும், பாறைமேல் நிற்கும் வீட்டைவிட ஈர வண்டல்மேல் நிற்கும் வீடு பல மடங்கு ஆடும். பாங்காக் நகரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும், கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடிக்கும் மேற்பட்ட அரசுக் கட்டடம் ஒன்று அன்று சரிந்து விழுந்தது. அது விழுந்ததற்குக் கட்டுமானக் குறைகள் பற்றிய விசாரணை தனியே உண்டு. ஆனால் அந்த நகரம் முழுவதும் உயர்ந்த கட்டடங்கள் அவ்வளவு தூரத்திலும் ஆடியதற்குக் காரணம் அதன் கீழே இருக்கும் ஆழமான மென்களிமண். தூரத்திலிருந்து வரும் மெதுவான அலைகளை அது பெருக்கிக் காட்டும், அந்த மெதுவான ஆட்டம் உயரமான கட்டடங்களைத்தான் பிடிக்கும்.

ரங்கூனுக்கு வாருங்கள். பிளவு நகரத்துக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஷ்வேடகோன் நிற்பது பகோ யோமா மலைத்தொடரின் தென்கோடி மேட்டில். அங்கே நிலம் கெட்டியானது. அதன் கிழக்கிலும் தெற்கிலும் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல். நம்மவர்கள் நெருக்கமாக வாழும் நகரின் பழைய மையப்பகுதியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதுப்பை வடித்து, மண்ணிட்டு நிரப்பிக் கட்டமிட்ட இடம். இதைச் சொல்லும்போது கொன்சேடான் தெருக் காளியம்மன் கோயில் எந்த மண்ணில் நிற்கிறது, தக்கோன் புதுநகரப் பகுதிகள் எந்த மண்ணில் நிற்கின்றன என்று அவர்களுக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லியே பேசுங்கள். 1930இல் பகோவில் சுமார் 500 பேரும் ரங்கூனில் சுமார் 50 பேரும் இறந்தார்கள். அன்றைய ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் அந்த ஆட்டத்தை உணர்ந்திருப்பார்கள். அதன் பிறகு இந்த நகரம் எத்தனை மாடி உயர்ந்துவிட்டது என்பதை யோசிக்கச் சொல்லுங்கள்.

பாட்டிமாரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அவர்கள் காதில் இருக்கும் சிவப்புக் கல்லிலிருந்து தொடங்குங்கள். மோகோக் பள்ளத்தாக்கின் கெம்பு, இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியதில் சுண்ணாம்புப் பாறை வெந்து பளிங்காக மாறியபோது உள்ளே விளைந்தது. அதே மோதலின் தொடர்ச்சிதான் இன்றும் பிளவை இழுக்கிறது. அந்தக் கல்லும் அந்த ஆட்டமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று சொன்னால் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்வார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் வீட்டைப் பற்றி. ரங்கூனில் நம் மக்கள் அதிகம் வாழ்வது ஆறு, எட்டு மாடி அடுக்குக் கட்டடங்களில். படி மட்டும்தான், குறுகலானது. ஆட்டம் நடக்கும்போது அந்தப் படியில் இறங்கி ஓடக்கூடாது. கட்டடத்தைவிடப் படிக்கட்டும் வெளியே விழும் கைப்பிடிச் சுவரும் முதலில் போகும். கெட்டியான மேசைக்கு அடியில் புகுந்து, தலையையும் கழுத்தையும் மறைத்து, மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளவேண்டும். மேசை இல்லாவிட்டால் உள்சுவர் ஓரம் குனிந்து தலையை மூடிக்கொள்ளவேண்டும். ஆட்டம் நின்றபிறகு வெளியேறலாம். தரைத்தளத்தில், வாசலுக்கு இரண்டடியில், வெளியே திறந்த முற்றம் இருந்தால் வெளியே போவது சரி. கிராமத்து மரவீட்டுக்காரர்களுக்கும் இது பொருந்தும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பிக்கவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

இங்கே வீட்டுக்கு வீடு மடக்கு இரும்புக் கதவு, அதில் பூட்டு. திருட்டுப் பயத்தில் இரவில் சாவியை எங்கோ ஒளித்துவைக்கிறோம். மின்சாரம் போன இருட்டில் அந்தச் சாவியைத் தேட முடியாது. கதவருகே, குழந்தைகளுக்கும் தெரிந்த ஓர் ஆணியில் அது தொங்கட்டும். இன்றே செய்யக்கூடிய, காசு செலவில்லாத, உயிர்காக்கும் காரியம் இதுதான். நான் வேறு எதையும் இவ்வளவு வலியுறுத்தமாட்டேன். பூசை அலமாரியைச் சுவரோடு திருகாணியால் பிணைக்கவேண்டும். கனமான பித்தளை விளக்குகளைத் தலைக்கு மேலே, படுக்கைக்கு மேலே வைக்கக்கூடாது. எரிகிற விளக்கும் எரிவாயு உருளையும் உள்ள வீட்டில் ஆட்டத்துக்குப் பிறகு தீயைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கீழ்த்தளம் முழுவதும் கடையாகத் திறந்து, சுவரில்லாமல் மெல்லிய தூண்கள்மேல் மாடிகள் நிற்கும் கட்டடம் மற்றவற்றைவிட ஆபத்தானது. வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் அதைக் கவனிக்கவேண்டும்.

கோயிலையும் விட்டுவிடாதீர்கள். ஆட்டம் வந்தால் கோபுரத்துக்குக் கீழே கூடுவது நம் மக்களின் முதல் எண்ணமாக இருக்கும். கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள்தான் முதலில் உதிரும். கூடவேண்டிய இடம் கோபுரத்தின் உயரத்தைவிடக் கூடுதல் தூரத்தில் இருக்கவேண்டும். நீங்கள் பேசப்போகும் மண்டபத்தில் எத்தனை வாசல், எது பூட்டியிருக்கிறது என்று முன்னதாகவே பார்த்துவைத்துச் சபைக்குக் காட்டுங்கள். நிர்வாகத்தார் உடன் இருக்கும்போதே சொன்னால் பூட்டிய வாசல் அன்றே திறக்கப்படும்.

மொழியைப் பற்றி ஒன்று. நம் பிள்ளைகள் பலருக்குப் பர்மிய மொழிதான் படிப்பு மொழி. விளக்கத்தைத் தமிழில் சொல்லிவிட்டு, செய்யவேண்டியதைப் பர்மிய மொழியிலும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அவசர நேரத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் கத்தப்போவது அந்த மொழியில்தான். கூட்டத்துக்கு வரமுடியாதவர்களுக்கு மூன்று நிமிடக் குரல்பதிவு அனுப்புங்கள். அதில் உங்கள் பெயரையும் பதிவு செய்த நாளையும் சொல்லித் தொடங்குங்கள். நாள் இல்லாமல் சுற்றும் குரல்பதிவுகள்தான் ஓராண்டு கழித்து வதந்தியாகத் திரும்பி வருகின்றன.

வசதி இருந்தால் வகுப்புப் பிள்ளைகளைப் பகோவுக்கு ஒருநாள் அழைத்துப்போங்கள். ரங்கூனிலிருந்து எண்பது கிலோமீட்டர்தான். அங்கே ஷ்வேமோடோ பகோடாவின் பழைய உச்சி 1917 பூகம்பத்தில் விழுந்தது. அந்தப் பெரிய செங்கல் துண்டை எடுக்காமல் அடிவாரத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள்; தொட்டுப் பார்க்கலாம். 1930 மே மாதம் பகோடா மறுபடியும் இடிந்தது. திரும்பக் கட்டி முடிக்க 1954 ஆனது. அதே 1930 டிசம்பரில், வடக்கே பியூ நகரத்தில், பிளவின் அடுத்த துண்டு உடைந்தது. பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, இந்த வட்டாரத்துப் பெரிய பூகம்பங்களுக்கு இடையில் எவ்வளவு காலம் என்று எழுதச் சொல்லுங்கள். பதின்மூன்று ஆண்டு, பிறகு ஏழு மாதம், பிறகு 2025 வரை தொண்ணூற்று நான்கு ஆண்டுக்கு மேல். இதைப் பார்த்து அடுத்த எண்ணை எழுத முடியுமா என்று கேளுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. பங்குனி சித்திரை வெயிலில் பகல் ஏறினால் பகோடாவின் தளம் வெறுங்காலில் நிற்கமுடியாதபடி சுடும்.